ரிஜெக்‌ஷன்காரர் வாங்கிய கால்பந்து கிளப்

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பந்து வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் ஒரு கால்பந்து கிளப்பையே வாங்கிப் போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருப்பூரில் இருந்தார். அதைவிடக் கொடுமை, அந்தக் கிளப்புக்கு நான்தான் கோல்கீப்பர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெளிநாட்டு வியாபாரிகள் வேண்டாமென்று கழித்துவிட்ட பனியன்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் காதர்பேட்டையில் விற்பார். அதனால் 'ரிஜெக்‌ஷன்காரர்'. அவிநாசிபாளையம் பக்கத்தில் இருந்த தோப்பை விற்று, இருபது தையல் மெஷின் போட்டு ஒரு கம்பெனியும் வைத்திருந்தார். சட்டைப்பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். எதைக் கண்டாலும் அளப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் வாழையிலையை அளந்து, "பக்கத்து எலைக்கும் எனக்கும் நாலு இஞ்ச் வித்தியாசமுங்க" என்று சமையல்காரரிடம் மல்லுக்கு நின்றதை நானே பார்த்தேன்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். அவருடைய கம்பெனியில் நான் செக்கிங், சேவியர் கட்டிங். தூத்துக்குடிக்காரனான சேவியர்தான் கிளப்புக்குக் கேப்டன். தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த ஆட்கள், சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்திய கிளப் அது. லீக்கில் இரண்டாம் டிவிஷன். மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று இல்லாததால் இரண்டாவது. ஒரு வருஷம் நுழைவுக் கட்டணம் கட்ட வழியில்லை. சேவியர் என்னையும் இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான்.

"அண்ணாச்சி, நீங்க மனசு வச்சீங்கன்னா..."

"மொதல்ல இந்த அண்ணாச்சிய விடுங்க தம்பி. மளிகைக்கடைக்காரனாட்ட இருக்குது. எவ்வளவு வேணும்?"

சேவியர் தொகையைச் சொன்னான். ரிஜெக்‌ஷன்காரர் முகம் வேப்பங்கொழுந்தைக் கடித்தது போல ஆனது.

"சும்மா குடுத்தா அது நன்கொடைங்க. நன்கொடை எனக்கு ஒடம்புக்கு ஆகாது. கிளப்பையே எனக்கு எழுதிக் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழம ஆடிப்போட்டு, திங்கக்கெழம பூரா நொண்டிக்கிட்டு வர்றீங்க. கிளப்பு என்னுதா இருந்தா, எனக்காவத்தான் நொண்டறாங்கன்னு ஒரு திருப்தியாச்சும் இருக்குமுங்கல்ல?"

எழுதிக் கொடுத்தோம். சொத்து விவரம்: பந்து ஒன்று, ஒட்டுப் போட்டது. வலை ஒன்று, பந்தைவிடப் பெரிய ஓட்டைகள் மூன்று உள்ளது. விசில் ஒன்று, ஊதினால் காற்று மட்டும் வரும். கையெழுத்தான பிறகுதான் கேட்டார்: "ஆளுக்கு ஒரு பந்து இல்லீங்களா?"

முதல் ஆட்டத்துக்கு ஜெர்சி வந்தது. வெளிநாட்டுப் பெண்கள் ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கும் ரோஸ் கலர் டி-ஷர்ட். நெஞ்சில் சுருண்டு படுத்த பூனைக்குட்டி, அதற்குக் கீழே புரியாத பாஷையில் ஒரு வரி. ஏதோ வீர வசனம் என்று நினைத்துக்கொண்டு ஆடினோம். ஐந்து கோல் வாங்கித் தோற்ற பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்கு பார்த்து வாங்கும் பையிங் ஆபீஸ்காரர் ஒருவர் வரியைப் படித்துச் சொன்னார்: "தயவுசெய்து என்னை எழுப்பாதீர்கள்."

இதோடு நின்றிருந்தால் அவரைச் சாதாரண கஞ்சன் என்று மன்னித்திருப்பேன். அடுத்த வாரம் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கிளப்பில் மாதச் சம்பளம், பேட்டா எதுவும் கிடையாது. தையல் மாதிரியே பீஸ் ரேட். கோலுக்கு ஐம்பது ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும், என்னைத் தவிர பத்துப் பேரும் எதிரணி கோலுக்கு ஓடினார்கள். அங்கே பந்துக்காகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். சேவியர் அடிக்கப் போன பந்தை எங்கள் ஆளே காலை விட்டுப் பறித்தான். எதிரணிக்காரர்கள் வேலை எதுவும் இல்லாமல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். போரடித்தபோது பந்தை எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் கோல் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதுக்கு இரண்டு.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். "கோல்கீப்பர் எப்படிங்க கோல் போடுவான்? எனக்கு என்ன ரேட்டுங்க?"

அவர் யோசித்தார். "ஞாயமுங்க. தடுக்கற பந்துக்கு ரெண்டு ரூவா வச்சுக்குங்க."

அடுத்த ஆட்டத்தில் நான் செய்ததை இன்று வரை ஒப்புக்கொண்டதில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். கையில் கிடைத்த பந்தையெல்லாம் எதிரணி ஃபார்வர்டின் காலடியில் உருட்டிவிட்டேன். "அடிங்கண்ணே, மெதுவா அடிங்க" என்று கெஞ்சவும் செய்தேன். பதினேழு தடுத்தேன். பதினொன்று உள்ளே போனது. கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய தோல்விக்கு, எனக்கு முப்பத்து நாலு ரூபாய் கிடைத்தது.

ஒரு நாக்-அவுட் ஆட்டம் சமனில் முடிந்தது. நடுவர் எக்ஸ்ட்ரா டைம் என்று அறிவித்தார். ரிஜெக்‌ஷன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஓவர்டைமுக்கு ஆருங்க கூலி குடுக்கறது?"

"அது விதிங்க ஐயா" என்றார் நடுவர்.

"உங்க விதிக்கு என்ற மெஷின் எதுக்குங்க ஓடோணும்? ஏனப்பா, வாங்க போலாம்!"

அணியை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிரணிக்கு வெற்றி. அன்று பஸ் நிறுத்தம் வரை பதினொரு பேரும் அவரைத் திட்டிய திட்டில் ஒன்றைக்கூட இந்தப் பத்திரிகை அச்சிடாது.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. பிறகு அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்தன. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஆர்டர் இல்லாத ஊரில் ரிஜெக்‌ஷனுக்கு எங்கே போவது? இருபது மெஷினில் எட்டுதான் ஓடியது. காரை விற்றுவிட்டு மொபெட்டில் வந்தார்.

அந்த நேரத்தில் பெரிய கம்பெனி முதலாளி ஒருவர் எங்கள் கிளப்பை விலைக்குக் கேட்டார். லீக்கில் புது அணிகளைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வர வேண்டுமானால் இருக்கிற கிளப்பை வாங்கியாக வேண்டும். கிளப்பின் பெயரில் தன் மகனையும், வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆட்களையும் இறக்குவது அவருடைய திட்டம். சொன்ன விலை எட்டு மெஷினின் விலையைவிட அதிகம்.

"வித்திருப்பாரு. இந்நேரம் நம்மளயும் அளந்து குடுத்திருப்பாருலே" என்றான் சேவியர். சண்டை போடுவதற்காகவே பதினொரு பேரும் குடோனுக்குப் போனோம். ஆளில்லாததால் அவரே உட்கார்ந்து பனியன் மடித்துக்கொண்டிருந்தார். சேவியர் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு கவரை நீட்டினார்.

உள்ளே பத்திரம். கிளப்பை எங்கள் பதினொரு பேருக்கும் சரிபங்காக எழுதி வைத்திருந்தார். கீழே ஒரு நிபந்தனை: பதினொரு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் யாருக்கும் விற்க முடியும்.

சேவியர்தான் கேட்டான். "வித்திருக்கலாமே முதலாளி. நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க."

"அவுரு கிளப்புப் பேரைத்தானுங்க வாங்கறாரு. உங்களையெல்லாம் கழிச்சுப் போடுவாரு. கழிச்சதுக்கு என்ன வெலைன்னு என்னையாட்டத் தெரிஞ்சவன் இந்த ஊருல ஆருமில்லீங்க."

"சரிங்க, பதினொரு கையெழுத்து எதுக்குங்க?" என்றேன்.

"நீங்க பதினொருத்தரும் ஒண்ணாச் சேந்து ஒரு காரியம் செஞ்சு நான் பாத்ததே இல்லீங்களே!"

மனிதர் சொன்னது சத்தியமான உண்மை. பெரிய முதலாளி எங்களிடம் வந்தார். ஒருவன் பணம் கேட்டான். ஒருவன் வேலை கேட்டான். லெஃப்ட் பேக் தன்னைக் கேப்டன் ஆக்கினால்தான் பேச்சே என்றான். மூன்று வாரம் அலைந்துவிட்டு, பெரிய முதலாளி கும்பிடு போட்டுப் போய்விட்டார். கிளப் எங்களிடமே தங்கியது. பழையபடி சனிக்கிழமைதோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ரிஜெக்‌ஷன்காரர் வந்தார். சொல்வதற்கு உரிமை எதுவும் இல்லாததால், என் கோல் கம்பத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். எதிரணி ஃபார்வர்ட் தனியாகப் பந்தைக் கொண்டு வந்தான். பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"தம்பி, பந்து வந்தா வருது, போனாப் போவுதுங்க. கையைப் பாத்துக்கங்க சாமி."

அந்தப் பந்தைத் தடுக்காமல் விட்டுவிட்டேன். சேவியர் ஓடி வந்து, "ஏன்லே பாக்கல?" என்று கத்தினான். வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அன்று காலையிலிருந்தே தூறல்.