ரங்கேல் மறைகிறார்

விதின் ரயில் நிலையத்தில் எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் ரங்கேலின் உத்தியோகம். நேரத்துக்கு வந்த ரயிலை அவன் அங்கே கண்டதில்லை. "வருந்துகிறோம், வருந்துகிறோம்" என்று சொல்லிச் சொல்லிக் குரலோடு முகமும் சேர்ந்து வருந்திப் போயிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பை எடு என்று அவன் கேட்டால்கூட, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போலத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவன் நவம்பர் மாத மூட்டத்தில் ஒரு சபதம் எடுத்தான். மகள் நெவேனாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் நடக்கிற கேளிக்கை முழுவதும் அவன் பொறுப்பு. மேஜிக் ஷோ.

போன வருஷமும் மேஜிக்தான். கீழ்வீட்டு ஸ்டாமெனின் கைக்கடிகாரத்தை வாங்கி, கைக்குட்டையில் மூடி, சுத்தியலால் ஒரு போடு போட்டான். கைக்குட்டையைப் பிரித்தால் கடிகாரம் முழுசாக இருக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. வந்திருந்த பிள்ளைகளும் பெற்றோர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெவேனா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'சுத்தியல்'.

இது ரங்கேலுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து தொண்டையில் முள் சிக்கியது போல உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் ஒரே ஒரு தடவை, "அது எங்கப்பா" என்று அவள் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அவனுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

"என்ன வித்தை பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி வெலிச்கா, முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே.

"மறையப் போறேன்."

"எங்க?"

"அலமாரிக்குள்ள. உள்ள போவேன், கதவைச் சாத்துவேன். திறந்து பாத்தா ஆள் இருக்க மாட்டேன்."

"பாத்திரம் கழுவுற நேரத்துல தினமும் பண்றதுதானே."

"வெலிச்கா, நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"எனக்குப் பயமே அதுதான். அது எங்கம்மா குடுத்த அலமாரி. சுத்தியல் எதுவும் வராதுல்ல?"

"வராது. பின்பலகையை மட்டும் கழட்டிட்டேன்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு முட்டைக்கோஸ் மேல் கொஞ்சம் வேகமாகவே இறங்கியது.

"பிள்ளைங்களுக்குக் காகிதத் தொப்பி செய்யலாம், பாட்டு நின்னதும் நாற்காலி பிடிக்கிற ஆட்டம் வைக்கலாம்னு நான் நெனச்சிருந்தேன்."

"அதெல்லாம் எல்லா வீட்லயும்தான் இருக்கு. பெத்த தகப்பன் மறையறது எத்தனை வீட்ல நடக்கும்?"

"எங்க கடைக்கு வந்து பாருங்க. தினமும் நடக்குது."

வெலிச்காவுக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் அச்சுக் கடையில் வேலை. அங்கே முக்கால்வாசி அடிப்பது கண்ணீர் அஞ்சலிதான். விதினில் ஒருவர் போய்விட்டால் அவர் படம் வீட்டு வாசல், விளக்குக் கம்பம், ரொட்டிக் கடை என்று எல்லா இடத்திலும் ஏறிவிடும். படம், பெயர், சுற்றிலும் கறுப்புக் கோடு. அதற்குமேல் யாரும் படிப்பதில்லை. தொப்பியைக் கழற்றுவார்கள், பெருமூச்சு விடுவார்கள், ரொட்டி வாங்கப் போவார்கள்.

"எனக்கும் ஒரு விளம்பரம் அடிச்சுக் குடு" என்றான் ரங்கேல். "ஊரெல்லாம் ஒட்டணும். போன வருஷம் சிரிச்ச வாயெல்லாம் இந்த வருஷம் பிளந்து நிக்கணும்."

வெலிச்கா நெவேனாவின் அறைக் கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "சரி, எழுதிக் குடுங்க" என்றாள்.

வெலிச்கா ஒரே பேச்சில் சரி என்று சொன்னால் அன்றைக்கு உஷாராக இருக்க வேண்டும். இது கல்யாணமான புதிதிலேயே அவன் பட்டுத் தெரிந்துகொண்டது. சந்தோஷத்தில் மறந்துவிட்டான். சந்தோஷப்பட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

ஸ்டேஷன் குரலை வரவழைத்துக்கொண்டு எழுதினான்: 'நம் அன்புக்குரிய ரங்கேல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குடும்பத்தார் கண்ணெதிரே மறைகிறார். அண்டை வீட்டாரும் உடன் பணிபுரிவோரும் திரண்டு வருக. பரிசுகள் வேண்டாம். பூக்கள் போதும்.'

"பூ எதுக்கு?"

"கடைசியில தொப்பிக்குள்ளேருந்து எடுக்கணும்ல? படத்தையும் போட்டுடு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்தேனே, அது."

அந்தப் படத்தில் அவன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவன் போலத்தான் இருந்தான்.

சனிக்கிழமை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரவல் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ரங்கேல் அலமாரிக்கு முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. திறந்தான். இரண்டாம் மாடி பென்கா நின்றாள். கையில் கிண்ணம் நிறைய சர்க்கரை போட்டு அவித்த இழவுக் கோதுமை. அக்குளில் வெள்ளைப் பூ, இரட்டைப்படையில். இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்குத்தான் என்று விதினில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பென்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "ரங்கேலு, எழுந்துட்டியா?"

"மத்தியானமே எழுந்துட்டேனே, அக்கா."

"நீ போயிட்டேன்னு வாசல்ல ஒட்டியிருக்கே. பஸ் நிறுத்தத்துலயும் பாத்தேன். படத்துல களையா இருக்கடா. நேர்லதான் ஒரு மாதிரி இருக்க."

அவளுக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கக் கறுப்பு உடையும் ஈரக் குடையும். வெலிச்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஐயோ, இப்படி நெனச்சுட்டாங்களா? இத்தனை பேர் அழுத மூஞ்சியோட உள்ள வந்தா பிள்ளைங்க மிரண்டுடும்ங்க. நீங்களே கீழ் வாசல்ல நின்னு, நான் சாகலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குரல்தான் இருக்கே."

"அப்ப நாலு மணி ஷோ?"

"ரயிலே நேரத்துக்கு வராத ஊரு. நீங்க மறையறது கொஞ்சம் தாமதமானா என்ன குடி முழுகிப் போகுது?"

கீழ் வாசலில் போய் நின்றான். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான். "மன்னிக்கணும், நான் சாகல." ஐந்தாறு பேருக்குச் சொன்னதும் வாய் பழக்க தோஷத்தில் தானாக ஓடியது: "என் மரணம் தாமதமாகிறது. வருந்துகிறோம்."

வந்தவர்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மலர்வளையத்தோடு வந்திருந்தார்.

"உன் பேரைப் போட்டுட்டாங்களே ரங்கேலு. இனி இதை யாருக்குக் குடுக்கறது?"

"இங்கயே வச்சிடுங்க சார். எப்பவாவது தேவைப்படும்."

ஸ்டாமென் கண்ணெல்லாம் சிவந்து வந்தான். ரங்கேலைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. ஸ்டாமெனின் முகம் மாறிவிட்டது.

"காலையில உன் படத்தைப் பாத்து, கடிகாரத்துக்காக உன்னை மன்னிச்சுட்டேன்டா."

"ரொம்ப நன்றி, ஸ்டாமென்."

"நன்றி எதுக்கு? இப்ப அதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

கொண்டுவந்த பிளம் சாராயத்தைத் திரும்பத் தூக்கிப் போக யாருக்கும் மனமில்லை. வாசல் கூடத்திலேயே ஊற்றினார்கள். இறந்தவருக்காகக் குடிக்கும்போது கோப்பையை இடித்துக்கொள்ளக் கூடாது. அதனால் இடிக்காமல் குடித்தார்கள். அவனை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினார்கள்.

"நல்ல மனுஷன். யாருக்கும் கெடுதல் பண்ணதில்ல."

"கடிகாரத்துக்குப் பண்ணான்" என்றான் ஸ்டாமென்.

"ஆனா பிள்ளை மேல உசுரா இருந்தான்" என்றாள் பென்கா.

ரங்கேல் தலையைக் குனிந்துகொண்டான். உயிரோடு இருந்தவரை இதை யாரும் சொன்னதில்லை.

அப்போது மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தெருவுக்கு வந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். வெலிச்கா காகிதத் தொப்பி போட்டு, பிள்ளைகளை ரயிலாகக் கோத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்பலகை இல்லாத அலமாரிதான் சுரங்கப்பாதை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது ரயில். இன்ஜின் நெவேனா. அவள் அப்படிக் கத்திச் சிரித்து ஒரு வருஷமாயிற்று. கேட்கக் கேட்க அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை என்று சொல்லிக்கொண்டான்.

இழவுக் கூட்டம் கலைந்து அவன் மேலே போனபோது பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலிலிருந்து உரித்து வந்த நனைந்த விளம்பரத்தை மேஜையில் விரித்தான்.

"இது என்ன, வெலிச்கா?"

"நீங்க எழுதினதுதான். ஒரு எழுத்தை மாத்தல. ஓரத்துல வெறிச்சுன்னு இருந்துச்சு, சுத்தி ஒரு கறுப்புக் கோடு போட்டேன்."

"தெரிஞ்சே போட்டியா?"

அவள் அவன் கோட்டைக் கழற்றி ஜன்னலோரம் உலர்த்தினாள்.

"அப்பா வித்தை காட்ட வேண்டாம்மான்னு நெவேனா ஒரு வாரமா அழுதா. அதை உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நீங்க மனசொடிஞ்சு போயிடுவீங்க. அதுக்கு இது தேவலைன்னு தோணுச்சு."

ரங்கேல் நாற்காலியில் உட்கார்ந்தான். வெலிச்கா கோபமாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நெவேனா கேக் துண்டு ஒன்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள். அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இப்படி அவள் வந்து உட்கார்ந்தும் ஒரு வருஷமாயிற்று.

"எல்லாரும் சிரிச்சாங்கப்பா. என்னைப் பாத்து இல்ல."

"அப்படியாடா கண்ணு?"

"ஆமா. அடுத்த பொறந்தநாளுக்கும் செத்துப் போறியாப்பா?"