டோல் அம்மாவுக்கு முழங்கால் வலி

புனேயின் வானவடியில் இடி இடித்தால் யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. எங்கள் மூன்றாவது மாடியைத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் டோல் அம்மா குடியிருக்கிறாள். டோல் என்பது இங்கே பிள்ளையார் ஊர்வலத்தில் இடுப்பில் கட்டி அடிக்கிற பெரிய மேளம். அம்மா என்பது சாட்சாத் என்னைப் பெற்ற அம்மா.

அப்பா காலமானதும் மதுரையிலிருந்து அவளை அழைத்து வந்தேன். மிச்சக் காலத்தைச் சாம்பார் வைத்து, சாமி கும்பிட்டு நிம்மதியாகக் கழிக்கட்டும் என்ற பெருந்தன்மை எனக்கு. வைப்பது அவள், சாப்பிடுவது நான். நிம்மதி யாருக்கு என்று யோசித்ததில்லை.

போன ஆடியில் காய் வாங்கப் போனவள், மைதானத்தில் மேளக் குழு பழகுவதைப் பார்த்து நின்றிருக்கிறாள். மறுவாரமே சேர்ந்துவிட்டாள். அப்புறம் வீட்டில் அரிசி டப்பா, தண்ணீர் கேன், எதுவும் தப்பவில்லை. கீழ்வீட்டு ரிட்டயர்ட் சுபேதார் மூச்சிரைக்க ஏறி வந்து, "குக்கர் வெடித்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு என்னிடம், "எந்த அடி தப்பா விழுந்துச்சாம்? கேட்டுச் சொல்லுடா" என்றாள்.

விநாயகர் சதுர்த்திக்கு, அம்மா கைக் கொழுக்கட்டை என்று சொல்லி ஆபீசில் பதினைந்து பேரை அழைத்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

"அன்னைக்கு எனக்கு மொத ஊர்வலம்டா."

"சாமி காரியம்மா!"

"நான் மட்டும் என்ன சினிமாவுக்கா போறேன்? அதுவும் அவருக்குத்தான்."

பக்திமானான நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுத் தலைவியிடம் போய், அம்மாவுக்கு முழங்கால் வலி, வரமாட்டாள் என்று பொய் சொன்னேன். பிள்ளையாருக்காகச் சொல்கிற பொய்யை அவரே மன்னிப்பார் என்று தைரியம்.

தலைவி காலேஜ் படிக்கிற பெண். "முழங்காலா? நேத்து நாலு மணி நேரம் நின்னாங்களே அங்கிள்! எங்க பசங்கதான் உட்கார்ந்துட்டாங்க" என்றாள். பெற்ற பிள்ளையே சொல்கிறானே என்று பட்டியலில் பெயரை அடித்தாள்.

விஷயம் அன்று சாயங்காலமே வீடு வந்து சேர்ந்தது. அம்மா சத்தம் போடவில்லை.

"ஊருல எல்லாருக்கும் பசிக்குதான்னு பாத்துப் பாத்தே அறுபது வயசாச்சுடா. இது ஒண்ணுதான் எனக்காப் பசிச்சுச்சு."

மாவு சலிக்க உட்கார்ந்தாள். சல்லடையில் தாளம் இல்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தலைவி முன்னால் கைகட்டி நின்றேன்.

"கால் சரியாயிடுச்சும்மா."

"ஒரே ராத்திரியிலயா அங்கிள்?"

"பிள்ளையார் கிருபை."

சிரித்துக்கொண்டே பெயரை மறுபடி எழுதினாள்.

சதுர்த்தியன்று கொழுக்கட்டையை நானே பிடித்தேன். பிள்ளையார் பொறுமைசாலி, ஏற்றுக்கொண்டார். பிரசாதம் ஆயிற்றே என்று விருந்தாளிகளும் வாய் திறக்கவில்லை. மெல்லுவதற்குக்கூடச் சிரமப்பட்டுத்தான் திறந்தார்கள்.

அவர்களையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். வெறுங்காலும் காவித் தலைப்பாகையுமாக ஊர்வலத்தின் நடுவரிசையில் அம்மா வந்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். "அம்மா!" என்று கத்தினேன். என் முகத்துக்கு நேராகத்தான் கடந்து போனாள், பார்க்கவே இல்லை. பிள்ளை என்று ஒருவன் பிறந்ததையே மறந்துவிட்ட முகம் அது.

அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.