கைதட்டினால் பதில் சொல்லும் ஹால்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம், உங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியம். ஹாலுக்குத்தான் உடம்பு சரியில்லை. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த ஹாலில் நான் போனில் முணுமுணுத்தால்கூட அது சுவரில் பட்டு, கண்ணாடியில் பட்டு, அவர் காதில் மூன்று தடவை விழுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு நீங்கள் அவருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

போன தடவை வந்திருந்தபோது, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, உங்க ஹாலுக்குப் பெரிய பெட்டி தாங்காது. ஒல்லியா, உசரமா, தரையிலயே நிக்கிற மாதிரி ஸ்பீக்கர் வருது, அதை வாங்குங்க, இடத்தையே அடைக்காது" என்று திருவாய் மலர்ந்தீர்கள். மலர்ந்த கையோடு ரயிலைப் பிடித்துப் போய்விட்டீர்கள். ரேடியோ கடை நடத்தும் உங்கள் வாக்காச்சே, அவருக்கு அது வேதவாக்கு. வேலையில் இருந்த காலம் பூராவும் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து, எந்தக் கம்பி உரசுகிறது, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று மோட்டாரில் காதை வைத்துக் கேட்டே ஓய்வு பெற்ற மனுஷர். "இத்தனை வருஷம் பழுதைத்தான் கேட்டேன், இனிமேலாவது பாட்டைக் கேக்கணும்" என்று அவர் சொன்னபோது எனக்கும் மனசு இளகித்தான் போனது. வாங்குங்கள் என்று நானேதான் சொன்னேன்.

இடத்தை அடைக்காது என்றது உண்மைதான், ஒவ்வொன்றும் ஒரு ஜாண் அகலம்தான். ஆனால் ஸ்பீக்கர் விற்ற கடைக்காரர், "சார், இதைச் சுவத்துல ஒட்டி வைக்கக் கூடாது, நல்லாத் தள்ளி நிக்கணும், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது, எதிர்ல நீங்க உக்காரணும்" என்று சொல்லி அனுப்பினார். தள்ளி நிற்க வேண்டிய இடத்திலும், நடுவிலும், எதிரிலும் இருந்தது என்ன? என் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய திரைச்சீலைத் துணிக்கட்டுகள். இந்தத் தெருவில் பாதி ஜன்னலுக்கு நான்தான் திரை தைத்திருக்கிறேன், அதுவும் அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து. அத்தனையும் வாஷிங் மெஷின் இருக்கும் பின் அறைக்குப் போயிற்று. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். ஜன்னலே இல்லாத அறையில், கருநீலத் துணியில் கறுப்பு நூலை விரலால் தடவிப் பார்த்துத் தைக்கிறேன் அண்ணா. ஒரு நாள் வாய் தவறி மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "வயசாகுதில்ல, எதுக்கு இனிமே தையலும் கியலும்? பேசாம உக்காந்து பாட்டு கேளு." தையலை விட்டுவிட்டால் நான் காலையில் எதற்காக எழுந்திருப்பேன்?

சரி, பாட்டாவது கேட்டோமா? கடையில் கேட்டபோது தேனாக இருந்தது. அங்கே தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் மெத்தை. நம் வீட்டில் டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிர்ப்பக்கம் மொட்டைச் சுவர். முதல் ஜோடியில் ஒரே பாடகி மூன்று பேராகப் பாடினாள், அதில் ஒருத்தி பிந்தி வந்து சேர்ந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வந்த இரண்டாவது ஜோடி கொஞ்சம் குட்டை, ஆனால் அடித்தொண்டையில் உறுமியது, கீழ் வீட்டு டீச்சர் மேலே ஓடி வந்து "உங்க வீட்ல மாவு மில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மூன்றாவது ஜோடி ரொம்ப அடக்கம், கண்ணாடியும் டைல்ஸும் உள்ள வீட்டுக்கென்றே செய்தது என்றார் கடைக்காரர். அதிலும் அதே மூன்று பேர்தான், கொஞ்சம் அடக்கமாகப் பாடினார்கள். இவர் மூலைக்கு மூலை போய்க் கைதட்டிப் பார்ப்பார், ஹால் திருப்பித் தட்டும். வாசலில் நின்ற பார்சல்காரர் "எனக்கா சார் கைதட்டறீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். என்னை சோபாவில் உட்கார வைத்து, "இப்போ? இப்போ? கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக் கேளு" என்று படுத்திய பாட்டில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். எல்லாம் நீ சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. கோபத்தில் 'நீ' வந்துவிட்டது, மன்னியுங்கள். வேண்டாம், மன்னிக்கவே வேண்டாம், இந்தக் கடிதம் முடியும் வரை நீ நீதான்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் புதுசாகத் திறக்கும் லாட்ஜில் எல்லா அறைக்கும் திரை. துணி பின் அறையில் அடங்கவில்லை, வாஷிங் மெஷினைத் திறக்கவே வழியில்லை. வேறு வழியின்றி ஹாலில் அந்த மொட்டைச் சுவரை ஒட்டி அடுக்கினேன். தைத்து முடித்ததைக் கசங்காமல் இருக்க கண்ணாடி ஜன்னல் முன்னால் கம்பியில் தொங்கவிட்டேன். "லாட்ஜ்காரர் வர்ற வரைக்கும்தானே?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பாட்டைப் போட்டார். நான் பின் அறையில் பட்டன் தேடிக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லாத மாதிரி இருந்தது, என்னவோ ஏதோ என்று ஓடினேன். மனுஷர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் தண்ணீர். "அந்தம்மா மூச்சு வாங்குறது கேக்குது" என்றார். நானும் உட்கார்ந்தேன். நிஜமாகவே கேட்டது அண்ணா. அடுத்த வரியைப் பிடிக்கும் முன்னால் அந்தப் பாடகி லேசாக மூச்சை இழுத்தாள், என் பக்கத்தில் நின்று இழுத்த மாதிரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவர் மேல் இருந்த கோபம்கூட அந்த நேரம் நினைவில்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னாரே ஒன்று! "பாத்தியா, ஸ்பீக்கர் ஓடி ஓடிப் பழகிடுச்சு. புதுசுல அப்படித்தான் இருக்கும்." என் துணிக்கட்டுகள் மேல் சாய்ந்துகொண்டே சொல்கிறார்! அந்தச் சத்தத்தை விழுங்கியது துணிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால், "உன் மேஜையை ஹாலுக்குக் கொண்டுவர இப்படியொரு கதையா?" என்பார். நாளைக்கு லாட்ஜ்காரர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார், ஹால் மறுபடி கைதட்டும், இவர் நாலாவது ஜோடிக்குக் கிளம்புவார், நான் வாஷிங் மெஷினோடு குடித்தனம் நடத்துவேன். அதனால் நீதான் போன் செய்து, "மாப்பிள்ளை, ஸ்பீக்கர்ல குத்தமில்ல, என் தங்கச்சியோட துணியையும் மேஜையையும் இருந்த இடத்துல வைங்க" என்று சொல்ல வேண்டும். நீ சொன்னால் அறிவியல், நான் சொன்னால் அடம்.

அண்ணிக்கு என் அன்பு. பேரனைக் கேட்டதாகச் சொல். நீ நூறு வயது இருக்க வேண்டும், நான் யாரையாவது திட்ட வேண்டுமே.

உன் ஆசியையும், அதைவிட அவசரமாக உன் போனையும் எதிர்பார்க்கும்
தங்கை

பின்குறிப்பு: அண்ணா, தயவுசெய்து போன் செய்யாதீர்கள். கவரை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. லாட்ஜ்காரர் வந்து துணியை எடுத்துக்கொண்டு போனதும் இவர் பாட்டைப் போட்டார். மூன்று பேர் பாடினார்கள். ஸ்பீக்கரைப் பார்த்தார், வெறும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சே, காலிப் பெட்டியை ஓட்டிப் பாத்தா லிஃப்ட்டுகூடத்தான் கத்தும். ஆள் ஏறின பின்னாடி இல்ல பாக்கணும்! உன் துணி இல்லாத ஹாலும் அப்படித்தான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூச்சு வாங்க மேஜையைத் தானே இழுத்து வந்து ஜன்னலடியில் போட்டார், மெஷினையும் போட்டார். ஸ்பீக்கர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டன. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனவர், டீச்சர் வீட்டு ஜன்னல் அளவையும் எதிர் வீட்டுப் பல் டாக்டர் ஜன்னல் அளவையும் எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறார். "தையலும் கியலும் எதுக்குன்னீங்க?" என்று கேட்டேன். "யார் சொன்னா? நீ பாட்டுக்குத் தை, அவசரமே இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்கிறார். உங்கள் வீட்டு ஜன்னல் அளவையும் வாங்கச் சொன்னார். நல்ல கனமான துணியாகச் சொல்லுங்கள் அண்ணா, எப்போது தருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.