கருவேலங்காட்டில் ஒரு நகரம்

"மேடம், நேத்து இந்தச் சுவரு இல்ல," என்றான் வரத்.

"நேத்து நீ ஒசரத்துல பறந்துக்கினு இருந்தே. இன்னிக்குத் தாழப் பறந்தே, தெரியுது," என்றாள் கிறிஸ்டினா, கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆள் நுழைய முடியாத கருவேலங்காடு. அதன்மேல் லேசர் கருவி கட்டிய ட்ரோனைப் பறக்கவிடுவது வரத்தின் வேலை. இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளியை வைத்து, முள்ளுக்கடியில் புதைந்த பழங்கால ஊரைத் தேடுவது கிறிஸ்டினாவின் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகப் பேராசிரியர் ஜகந்நாதன் சொல்லியிருந்தார்.

முதல் நாள் கிடைத்தது ஒரு மொட்டை மேடு. இன்றோ அதன் பக்கத்தில் அழகான சதுர அறை.

அளவு பிசகக்கூடாதென்று முதல் நாளே காட்டைச் சுற்றிச் சுண்ணாம்பால் பெரிய பெரிய குறிகள் போட்டிருந்தாள். அப்போது பக்கத்து ஊர் ஜனம் கூடி இன்னா வேலை என்று விசாரித்தது. கவர்மெண்ட் அளவை, கிட்டே வராதீர்கள் என்று விரட்டிவிட்டாள்.

மறுநாள் படத்தில் ஏழு அறைகள். நடுவே நேரான தெரு.

வரத் தலையைச் சொறிந்தான். "எல்லாம் ஒரே சைஸா இருக்குதே மேடம். மெஷின்ல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்லடா, பிளான் பண்ணிக் கட்டின நகரம்," என்றாள். உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் அதைவிட வேகம். துணைவேந்தருக்குச் சொல்லி, நான்கு பத்திரிகைக்காரர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்.

ஆச்சரியம், காட்டுக்குள் யாரோ முள்ளை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். பேராசிரியர் ஓட்டமாய் ஓடினார். கேமராக்கள் பின்னால் ஓடின. முழங்கால் உயரச் சுவர் ஒன்று கண்ணில் பட்டதும் குனிந்து, குழந்தையைத் தொடுவதுபோல் தடவிப் பார்த்தார்.

சுவர் ஈரமாக இருந்தது.

அதன் பின்னாலிருந்து முழங்கை வரை சேறு அப்பிய ஒரு பெண் எழுந்து கும்பிட்டாள்.

"ஃபேக்டரிக்கு நெலம் எடுக்க வந்த சாருங்களா? நஷ்டஈட்டுக்கு எங்க ஏழு ஊட்டையும் மெஷின் அளந்துடிச்சி. எங்க நாத்தனாரு ஊடு இப்பத்தான் எழும்பிக்கினு இருக்குது, சாயந்தரமா இன்னொருவாட்டி பறக்கவுட்டுடுங்க."