துரை தலையில் கத்தரிக்காய்க் கடகம்

உலகத்தில் றோட்டை மோரால் அளந்த மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். அவரோடு ஐந்து வருடம் ஒரே கந்தோரில் வேலை செய்தவன் நான். நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம், நம்பாதவர்களும் படிக்கலாம்.

முப்பதுகளில் யாழ்ப்பாணத்து றோட்டுக் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கர், அவர் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மோர் ஓவசியர். புது றோட்டு முடிந்ததும், வாய்வரை மோர் நிரப்பிய முட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறுவார். மோர் தளும்பிய இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்திச் சுண்ணாம்பால் புள்ளடி போடுவார். மறுநாள் அந்த இடங்களைக் கிண்டித் திருப்பிப் போடவேண்டும்.

"ஏன் ஐயா இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, பிள்ளைத்தாச்சி ஒருத்தி இந்த வழியாலைதான் ஆசுப்பத்திரிக்குப் போவாள். மோருக்கு நொந்தால் அவளுக்கும் நோகும்" என்றார்.

மாலையில் அவர் கந்தோருக்குள் நுழையும்போது வேட்டியைப் பார்த்தே றோட்டின் நிலைமையைச் சொல்லிவிடுவோம். புளித்த மணம் கோப்புகளில் எல்லாம் ஏறியிருந்தது.

றோட்டுக்குப் படம் கீறுவதற்கு முன் அவர் செய்யும் கூத்து இன்னும் பெரிது. அந்த வழியால் யார் யார் போகிறார்களோ, அவர்களாகவே மாறி ஒருதரம் நடந்து பார்ப்பார். ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியோடு போனார். இன்னொரு நாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார். ஆடு அவரை ஒரு புகையிலைத் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போக, தோட்டக்காரர் மண்வெட்டியோடு துரத்தினார். வேலி பாய்ந்து வந்து மூச்சு வாங்க நின்றவர், "உந்த இடத்திலை ஒரு மறிப்புக் கட்டவேணும், எழுதும்" என்று என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் வலிகாமத்துத் தோட்டக் கிராமம் ஒன்றிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்கு பஸ் விட முடிவானது. எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை கொழும்பிலிருந்து றோட்டை அகலமாக்கப் படம் அனுப்பினார். படம் அழகுதான். ஆனால் பாதிவழியில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியது. சந்தைக்குத் தனியே ஓலைக் கடகம் சுமந்து வரும் பெண்கள், யாருடைய உதவியும் இல்லாமல் பாரத்தை அதில் சாய்த்து இளைப்பாறி, திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதைப் பிடுங்கச் சொல்லிக் கட்டளை. தள்ளி நடலாமென்றால் இரண்டு பக்கமும் வேலி. எங்களூரில் ஒருவரிடம் உயிரைக் கேட்கலாம், வேலியை ஒரு விரல் தள்ளச் சொல்லிக் கேட்க முடியாது.

ஓவசியர் விடுவாரா? தானே ஒரு கடகம் பூசணிக்காயைச் சுமந்து நடந்து, கழுத்து விட்டுப்போகும் இடம் சரியாக அந்தக் கல்லடிதான் என்று கண்டுபிடித்தார். மூன்று கடிதம் எழுதினார். நாலாவது எழுதினால் காய்ச்சல் பிடித்த காட்டுப் பக்கம் மாற்றிவிடுவேன் என்று துரை பதில் போட்டார். பிறகு தானே பார்வையிடவும் வந்தார்.

துரை இளவயது, பந்தடிக்காரர். ஊர் எல்லையில் கார் நின்றதும், கத்தரிக்காய் விற்கும் செல்லாச்சியக்காவின் கடகத்தோடு ஓவசியர் குறுக்கே போய் நின்றார். "இதைச் சுமந்துகொண்டு துரை கல்லிலை இறக்காமல் சந்தைவரை போகட்டும். போனால் கல்லும் போகட்டும், நானும் காட்டுக்குப் போறன். ஆனால் ஒருத்தரும் கை குடுக்கப்படாது."

நான் மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார், தொப்பியைக் கழற்றினார், வாக்குக் கொடுத்தார். ஓவசியர் தன் சால்வையையே சும்மாடாகச் சுருட்டி வைத்து, கடகத்தைத் துரையின் தலையில் ஏற்றினார். ஊரே பின்னால் திரண்டது.

"தம்பி, கழுத்தை நேரை வையுங்கோ. கீழை பாக்காதையுங்கோ" என்று செல்லாச்சியக்கா பக்கத்தில் நடந்தபடி சொல்லிக்கொடுத்தார். அரைக் கட்டை, அதாவது அரை மைல், போனதும் துரையின் சிரிப்பு நின்றது. ஒரு கட்டையில் பேச்சும் நின்றது. முடக்குத் திரும்பினோம்.

கல்லைக் காணோம். இரண்டு குழிகள்தான் இருந்தன.

"தம்பி, கல் எங்கை?" என்று ஓவசியர் என்னைக் கேட்டார்.

கந்தோருக்கு வரும் கடுதாசிகளைப் பிரிப்பவன் நான்தான். "நேற்று துரையின்ரை கடுதாசி வந்தது, ஐயா. உடனை பிடுங்கச் சொல்லி இருந்தது. கங்காணியிட்டைக் குடுத்துப்போட்டன்."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்தது. துரையிடம் திரும்பி மிகப் பணிவாகச் சொன்னார்: "நீங்கள் எழுதினபடியே பிடுங்கியாச்சு, ஐயா. சந்தைக்கு இன்னும் ரெண்டு கட்டைதான்."

மொழிபெயர்த்தேன். துரை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, இறக்க ஆள் கூப்பிட முடியாது. குனிந்தால் அவ்வளவும் புழுதியில்.

"என்ரை கத்தரிக்காயைக் கொட்டிப்போடாதையுங்கோ, ராசா" என்றார் செல்லாச்சியக்கா.

துரை கடகத்தை ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையை நீட்டிக் கடுதாசி கேட்டார். என் முதுகுதான் மேசை. கல்லைத் திரும்ப நடவும், அந்த இடத்தில் றோட்டு ஒடுங்கியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அதன் பிறகுதான் ஓவசியர் கடகத்தை இறக்கினார். துரையின் கழுத்தைத் தடவிவிட்டு மோரும் கொடுத்தார்.

பஸ் வந்தது. றோட்டு ஒடுங்கிய இடத்தில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட எல்லா பஸ்ஸும் நின்றன. நின்ற இடத்தில் பெண்கள் கடகத்தோடு ஏறினார்கள். மெல்ல மெல்ல அது பஸ் தரிப்பாகி, அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. "ஓவசியரடி இறங்கிறாக்கள் இறங்குங்கோ" என்று கொண்டக்டர் இன்றைக்கும் கூப்பிடுகிறார். அந்த ஓவசியர் யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் நான் மிக விரும்பிய மனிதர் அவர்.

என் வீடு இன்னும் இரண்டு தரிப்புத் தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் நான் ஓவசியரடியிலேயே இறங்குகிறேன். கையிலுள்ள பையில் பாரம் ஒன்றும் இருப்பதில்லை. அதைக் கல்லின் மேல் வைத்து, ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.