நீளமான இங்கிலீஷ்

என் கணவரை நைட் ஷிப்டிலிருந்து இறக்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்கத் தனியாக இருக்கிறவளுக்குத்தான் தெரியும். கொல்லையில் பலா இலை விழுந்தால் எவனோ சுவரேறிக் குதித்தது போலிருக்கும். முந்திரிக்காட்டில் நரி ஊளையிட்டால், அது எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கை விசாரித்துக்கொண்டே வருவது போலிருக்கும். கதவுக்குக் காவல் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்குக் காவல் அம்மிக்குழவி, குழவிக்குக் காவல் நான்.

"ஆபீஸர் போடுற ஷிப்டு. நான் என்ன செய்ய?" என்பார் என் கணவர் பரமசிவம்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் முனவராதான் அந்தப் பொய்யை உடைத்தாள். அவள் கணவர் நாசருக்கும் இவர் வேலை பார்க்கும் அதே சுரங்கத்தில்தான் வேலை.

"யாரு போடுறது? உங்க வூட்டுக்காரருதான் எல்லார் நைட்டையும் கேட்டு வாங்கிக்கினு இருக்காராம். எங்க வூட்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க!"

விஷயம் புரிந்தது. நைட் பார்த்தால் பகலெல்லாம் தூக்கம், சாயங்காலம் கிளப்பில் சீட்டு. குழந்தை எந்தச் சுருதியில் அழும் என்றே அவருக்குத் தெரியாது.

சண்டை போடலாம். போட்டால் அதையும் தூங்கியே ஜெயிப்பார். பொறுத்திருந்தேன்.

ஆட்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் பதவிக்கு அவருக்கு இன்டர்வியூ வந்தது. புது ஆபீஸர் இங்கிலீஷில்தான் கேட்பாராம்.

"சந்திரா, நீ கான்வென்ட்ல படிச்சவதானே? நான் ரொம்ப காலமா ஓயாம உழைக்கிறேன்னு தெரியற மாதிரி சொல்லிக் குடு. நல்லா நீளமா இருக்கணும்."

"'நைட் ஆஃப்டர் நைட்'னு சொல்லுங்க. ராத்திரிக்கு மேல ராத்திரியா, விடாமன்னு அர்த்தம்."

"ஆகா! அப்புறம்?"

"'ஃபார் இயர்ஸ் ஆன் எண்ட்.' வருஷக்கணக்கா, இடைவெளியே இல்லாம."

"இன்னும் நீளமா?"

"'ரவுண்ட் த கிளாக்.' இருபத்துநாலு மணி நேரமும். அதுக்கு மேல நீளம் கடிகாரத்துலயே கிடையாது. கடைசியா, 'வித் எ பேபி அட் ஹோம்.'"

"குழந்தை எதுக்கு?"

"இருக்கிறதுலயே நீளமான வேலை அதுதாங்க."

நாலையும் மனப்பாடம் செய்தார்.

"சொல்றப்ப தலையைக் குனிஞ்சுக்கணும். குரல் கம்மணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெருமூச்சு."

"பெருமை பேசும்போது எதுக்கும்மா பெருமூச்சு?"

"அடக்கம்ங்க! எங்க கான்வென்ட் சிஸ்டர்ஸ் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தது இரங்கற்பாவுக்கு. அதை நான் சொல்லவில்லை.

"நைட் முடிச்சு நேரா போங்க. சவரம் வேண்டாம். கண்ணு செவந்திருந்தாத்தான் உழைப்பு தெரியும்."

புதுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நைட்டுக்குப் போனவர், இன்டர்வியூ முடிந்து மறுநாள் மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு திரும்பினார். முகம் அடி வாங்கிய அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது.

"கிடைக்கலையா?"

"கிடைச்சுது. சார்ஜ்மேன் ஆக்கிட்டாரு."

"அப்புறம் ஏன் இப்படி?"

"நாலையும் சொன்னேன். பெருமூச்சும் விட்டேன். அந்த மனுஷன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சுட்டாரு! 'பாவம், இந்த ஆளை இனிமே ராத்திரியில வதைக்காதீங்க'ன்னு பகல் வேலை, ஜெனரல் ஷிப்டு போட்டுட்டாரு. பெர்மனென்ட்டா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு மெதுவாகப் பொழுது விடிந்தது.

"ஏம்மா... நீ வேணும்னேதானே பெருமூச்சு விடச் சொன்னே?"

"அதை இங்கிலீஷ்ல கேளுங்க, பதில் சொல்றேன்" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முதல் வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள், குழந்தை இன்டர்வியூ சட்டையை நனைத்துவிட்டது.