வட்டியில்லாக் கடனும் மீன் பற்றிசும்

மெல்ரோய் தன் வீட்டுக்கு நிதியமைச்சராகப் பதவியேற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அன்புவழிபுரத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அப்போது இரண்டே கதிரைகள். ஒன்றில் மனைவி சுதர்ஷிகா இருந்தாள். மற்றதில் ஏறி நின்று பேசலாமா என்று மெல்ரோய் ஒரு கணம் யோசித்தான். அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆடும். ஆகவே நிலத்தில் நின்றே அறிவித்தான்.

"இண்டையில இருந்து இந்த வீட்டில கடன் எண்ட கதையே இல்ல. ஒருத்தரிட்டயும் ஒரு சதம் வாங்க மாட்டன். மாதா மேல சத்தியம்!"

"மாதாவை ஏன் இழுக்கிறீங்கள்? அவா உங்களுக்கு என்ன செய்தவா?"

"சரி, உன்ர அப்பா மேல சத்தியம்."

"அப்பாவை இழுத்தா அவர் குச்சவெளியில இருந்து பஸ் ஏறி வந்திடுவார்."

மெல்ரோய் சத்தியம் செய்ய உயர்த்திய கையை இறக்கினான். மாமனார் அல்பிரட் வந்தால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

கல்யாணம் முடிந்த கையோடு நாட்டில் விலைவாசி மரமேறியது. சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் படுத்தன. கரையில் படுத்த படகின் எஞ்சின் பழுதாகாது. எஞ்சின் பழுதாகாவிட்டால், எஞ்சின் திருத்தும் பட்டறையில் மெல்ரோய்க்கு வேலை குறைவு, சம்பளமும் குறைவு. கல்யாண மண்டபக் காசு பாக்கி. தவணைக்கு எடுத்த அலுமாரியும் கட்டிலும் மாதம் பிறந்தால் பல்லைக் காட்டின. கடைசியில் சுதர்ஷிகாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது.

அந்தக் கொடியைச் செய்வதற்காக அல்பிரட் தன் வள்ளத்தை விற்றவர். இப்போது அவளுடைய கழுத்தில் கிடந்தது கவரிங். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அல்பிரட் தூரத்திலிருந்து பார்க்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு வருடமும் கோயில் திருநாளுக்கு வருவார். இந்த முறை மகளின் கொடியை உள்ளங்கையில் ஏந்தி, மீன் நிறுப்பதுபோல் நிறை பார்ப்பார். "கொடிக்கு ஒண்டு நடந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்" என்று கல்யாண வீட்டிலேயே பகிடியாகச் சொன்னவர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

திருநாளுக்கு முன்னால் கொடியை மீட்க வேண்டும். இல்லாவிட்டால் அது அடகில் மூழ்கிவிடும். கொடியோடு மெல்ரோயும் மூழ்குவான்.

நிதியமைச்சர் சட்டங்களை அடுக்கினார். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஞாயிறு தவிர மீன் இல்லை. வளவில் கத்தரியும் கீரையும் நடவேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், பொரியலுக்குத் தடை.

"எண்ணெய் விக்கிற விலையில ஒரு அப்பளம்கூடப் பொரிக்கக் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது" என்றாள் சுதர்ஷிகா. அவள் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னால் பயப்பட வேண்டும் என்று மெல்ரோய் அந்தக் காலத்தில் படித்திருக்கவில்லை.

தோட்டம் நன்றாகத்தான் வந்தது. கட்டாக்காலி மாடுகளும் வந்தன. கீரையைத் தின்று, கத்தரியைத் தின்று, வேலியிலும் கொஞ்சம் தின்றுவிட்டுப் போயின. மிஞ்சியது மண் உண்டியல் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் மாலையில் மெல்ரோய் அதற்குள் சில்லறை போடுவான். 'டங்' என்று சத்தம் கேட்கும். சுதர்ஷிகா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுவாள்.

இனி ஓர் உண்மை. அந்தச் சத்தத்தில் பாதி காசு இல்லை. பட்டறையில் கழித்துப் போட்ட வாஷரும் நட்டும்தான். காசு போன இடம் இறங்குதுறைப் பக்கத்தில் இருந்த ஜவ்பர் நானாவின் தேத்தண்ணிக் கடை.

வீட்டில் பொரியல் இல்லாத மனிதனுக்குப் பொரியல் மணம் எவ்வளவு கொடியது என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். ஜவ்பர் நானாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் பற்றிஸ்கள் பொன்னிறமாக, விளிம்பு மடித்து, வரிசையாகப் படுத்திருக்கும். கடித்தால் மேலே மொறுமொறு. உள்ளே மிளகு போட்ட மீனும் கிழங்கும். மெல்ரோய் முதல் நாள் ஒன்று தின்றான். பிறகு இரண்டு. அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

"நானா, இதை ஆர் செய்யிறது?"

"ஒரு வீட்டுல இருந்து வருது தம்பி."

"அந்த வீட்டுக்காரன் குடுத்து வைச்சவன்."

"ஓம். ஆனா அது அவனுக்கு இன்னும் விளங்கல்ல" என்று ஜவ்பர் நானா கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் மெல்ரோய்க்கு மூக்கில் ஏதோ படும்.

"இஞ்சேர், எங்கயோ எண்ணெய் மணக்குது."

"பக்கத்து வீடாயிருக்கும்."

"அவையளுக்குக் கடன் பயமே இல்ல! அது சரி, உனக்குப் பற்றிஸ் செய்யத் தெரியுமோ?"

"பொரியலுக்குத் தடையெல்லோ?"

"தடைதான். சும்மா கேட்டனான். சில பேரின்ர கையில ஒரு பக்குவம் இருக்கு. அது எல்லாருக்கும் வராது."

"ஓம், வராதுதான்" என்றாள் சுதர்ஷிகா. திரும்பி நின்று பாத்திரம் தேய்த்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. ஏழ்மையை நினைத்து அழுகிறாள் என்று மெல்ரோய் நினைத்தான். அவனுக்கும் கண் கலங்கியது.

திருநாளுக்குக் கோயிலில் கொடிமரம் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். சுதர்ஷிகா தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து மெல்ரோய் உண்டியலை உடைத்தான். ஒரு பழைய எஞ்சினைப் பூட்டப் போதுமான நட்டு கிடந்தது. கொடியை மீட்கப் போதுமான காசு இல்லை. நேரே ஜவ்பர் நானாவிடம் ஓடினான்.

"நானா, ஒரு கடன் வேணும். வட்டி எவ்வளவெண்டாலும் சொல்லுங்கோ."

"வட்டிக்கதை எங்களிட்ட இல்ல. அது ஹராம். என்ர கையில காசும் இல்ல. ஆனா ஒருத்தர் என்னை நம்பி அமானிதமா ஒப்படைச்ச காசு இரிக்கி. கேட்டுத்தான் சொல்லோணும்."

"ஆர் அது? கிண்ணியாப் பக்கத்து முதலாளியோ?"

"ஆரெண்டு கேக்காத. அமானிதம் வைச்ச ஆளின்ர பேரைச் சொல்லக் கூடாது."

ஜவ்பர் நானா கிண்ணியா என்று சொல்லவில்லை. முதலாளி என்றும் சொல்லவில்லை. மெல்ரோய்தான் சொன்னான். ஆனால் அன்றே அவனுடைய மனதில் கிண்ணியா முதலாளி பிறந்துவிட்டார். வெள்ளைச் சாறன், கையில் தங்க மணிக்கூடு, ஒரு லொறி அரிசி.

மறுநாள் பதில் வந்தது.

"தாறாராம்..." என்று இழுத்த ஜவ்பர் நானா, "தருவாங்களாம்" என்று திருத்தினார். "சம்பளம் எடுக்கிற அண்டைக்கே தவணை என்ர கைக்கு வரோணும். சிகரெட் நிப்பாட்டோணும்."

"நான் எப்பவாவது ஒண்டு குடிக்கிறது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"காசு குடுக்கிற ஆள் விசாரிக்காமலா குடுக்கும்? இன்னொண்டு. உன்ர வீட்டில கால் ஆடுற கதிரை ஒண்டு இரிக்காம். அதையும் திருத்தட்டாம்."

மெல்ரோய் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"வேற ஏதும்?"

"பற்றிஸ் திண்ணுறதை மட்டும் நிப்பாட்டத் தேவையில்லையாம்."

என்ன இருந்தாலும் நல்ல மனுசன் என்று மெல்ரோய் நினைத்தான். அன்று மாலையே கதிரைக் காலுக்கு ஆணி அடித்தான். அதன் பிறகு வீதியில் தெரியாத முகம் ஒன்று வீட்டைப் பார்த்தால் போதும், முதலாளியின் ஒற்றன் என்று நினைத்துக் கதிரையைத் தூக்கி வந்து வாசலில் வைத்துவிடுவான்.

கொடி வீடு வந்தது. "உண்டியல் காசு" என்று சொல்லி நீட்டினான்.

"உண்டியல்ல இவ்வளவு கிடந்ததோ?" என்றாள் சுதர்ஷிகா.

"திட்டம் போட்டு வாழ்ந்தா எல்லாம் சேரும்."

திருநாளுக்கு அல்பிரட் வந்தார். கொடியை உள்ளங்கையில் ஏந்தினார். "நிறை சரி" என்றார் மாமனார். பிறகு மருமகனின் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன். என்ர பிள்ளை கடனில்லாத வீட்டில இருக்கிறாள்" என்றார். அந்தத் தட்டு மெல்ரோய்க்கு மூன்று நாள் வலித்தது. முதுகில் இல்லை.

இனி ஒரே ஆசை அவனுக்கு. இந்தக் கடனை ஒருவருக்கும் தெரியாமல் கட்டி முடிக்க வேண்டும். அதுவரைக்கும் சத்தியம் முறிந்ததைச் சுதர்ஷிகா அறியக் கூடாது.

தவணை தவறாமல் கட்டினான். மார்கழியில் மட்டும் வாடைக் காற்று கடலைக் கலக்கியது. படகு இறங்கவில்லை, சம்பளம் பாதிதான் வந்தது. பாதித் தவணையோடு போய் நின்றான். ஜவ்பர் நானா போனை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். "ஓம்... ஓம்... சரி... நீங்க சொன்னாச் சரிதான்" என்ற குரல் மட்டும் கேட்டது.

"என்ன நானா, ஒரு ஆம்பிளை இவ்வளவு பணிஞ்சு கதைக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றான் மெல்ரோய்.

"நீயும் இப்பிடித்தான் கதைக்கிற, தம்பி."

"ஆரோட?"

"அதை விடு. பாதி போதுமாம் இந்த முறை. ஆனா ஞாயிறு பின்னேரம் பொஞ்சாதியை டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம்."

முதலாளியின் கட்டளையை மீற முடியுமா? போனார்கள். ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கி இருவரும் பங்கிட்டார்கள். மழை விட்ட வானம் கழுவிய கோப்பைபோல் இருந்தது. பக்கத்துக் கோட்டையில் அவிழ்ந்து திரியும் மான்களில் ஒன்று பயமில்லாமல் வந்து சரையை முகர்ந்தது. சுதர்ஷிகா அதற்கு ஒரு கச்சானை நீட்டினாள். பிறகு ஈர மணலில் காலைப் புதைத்துக்கொண்டு அவன் தோளில் தலை சாய்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் கடற்கரைக்கு வந்தது அதுதான் முதல் முறை. 'முதலாளி நீடூழி வாழவேண்டும்' என்று மெல்ரோய் மனதுக்குள் செபித்தான்.

இத்தனை வருடம் கழித்து இப்போதும் அவர்கள் அங்கே போவதுண்டு. பிறகு பிறந்த மகளுக்குத் தனிச் சரை. அவனுக்கும் அவளுக்கும் ஒவ்வொன்று. வீட்டில் கதிரைகள் ஆறு இருக்கின்றன, ஒன்றும் ஆடுவதில்லை. இருந்தாலும் ஒரு சரையில் இரண்டு கைகள் முட்டிக்கொண்ட அந்தப் பின்னேரத்தின் ருசி மூன்று சரைகளில் இல்லை என்று மெல்ரோய் சொல்வான். கடைசித் தவணை கட்டிய அந்த நாளையும் அவன் மறக்கவில்லை.

அன்று தவணையைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். சுதர்ஷிகா குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள். மெல்ரோய் திருத்திய கதிரையில் நிமிர்ந்து இருந்தான்.

"சுதா, உன்னட்ட ஒண்டு சொல்லோணும். கோபிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"நான் சத்தியத்தை முறிச்சுப்போட்டன். கொடியை மீட்டது உண்டியல் காசில இல்ல. கடன் வாங்கினனான்."

"அப்பிடியோ?" அவளுடைய கை நிற்கவில்லை.

"கிண்ணியாவில ஒரு முதலாளி. சரியான கண்டிப்பான ஆள். ஆனா தங்கமான மனசு."

"கிண்ணியாவோ? எனக்குக் கிண்ணியாவில ஒருத்தரையும் தெரியாதே."

"உனக்கு ஏன் தெரியோணும்? நான்தானே வாங்கினனான். நான்தானே கட்டினனான். எல்லாம் முடிஞ்சுது. இனி அந்த முதலாளிக்கு ஒரு சதம் கடனில்ல!"

சுதர்ஷிகா மாவை வட்டமாகத் தட்டினாள். நடுவில் மீன் கலவையை வைத்தாள். மடித்தாள். விளிம்பை விரலால் நெளிநெளியாக அழுத்தினாள். மெல்ரோய் அந்த விளிம்பைப் பார்த்தான். எங்கேயோ பார்த்த விளிம்பு. எத்தனையோ முறை கடித்த விளிம்பு.

"முடியேல்ல" என்றாள் அவள். "மார்கழிக்குப் பாதிதானே தந்தனீங்கள்."

மெல்ரோய் கதிரையை விட்டு எழுந்தான்.

"அப்ப... முதலாளி..."

"நீங்கள் காலமை வேலைக்குப் போன பிறகு நான் பொரிப்பன். ஜவ்பர் நானா ஆட்டோவில வந்து எடுத்துக்கொண்டு போவார். காசை அவரிட்டயே வைச்சிருக்கச் சொன்னனான். வீட்டில வைச்சா அமைச்சர் கண்டுபிடிச்சிடுவாரெல்லோ."

"அப்ப நான் திண்ட பற்றிஸெல்லாம்..."

"என்ர நல்ல வாடிக்கைக்காரர் நீங்கள்தான்."

"என்னட்டயே வித்து, எனக்கே கடன் தந்து, என்னட்டயே தவணை வாங்கினனியோ! உன்ர காசெண்டு நேர தந்திருக்கலாமே!"

"தந்திருந்தா திருப்பித் தந்திருப்பீங்களோ?"

மெல்ரோய் நேர்மையாக யோசித்தான். நேர்மையாக யோசித்ததால் மறுபடி கதிரையில் இருந்தான்.

"நீங்கள் கட்டின காசாலதான் அலுமாரி, கட்டில், மண்டபம் எல்லாம் கட்டி முடிச்சனான்" என்றாள் சுதர்ஷிகா. பொரித்த பற்றிஸ் ஒன்றை ஊதி ஆற்றி அவன் கையில் வைத்தாள். "இது சும்மா. ஆனா இனி புது உண்டியல் வாங்கினா நட்டுப் போடாதேங்கோ. காசு விழுற சத்தம் எனக்குத் தெரியாதோ?"

பற்றிஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஆண்மகன் எவ்வளவுதான் தாங்குவான்? அந்தப் பாதித் தவணையை இன்றே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். சம்பளக் காசோ முடிந்துவிட்டது. மெல்ரோய் சைக்கிளை எடுத்தான். கால்கள் பழகிய பாதையில் தாமாகவே மிதித்தன.

"நானா, கொஞ்சக் காசு அவசரமா வேணும். பாதித் தவணை அளவுதான்."

ஜவ்பர் நானா அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"கொஞ்சம் இரு தம்பி. கேட்டுத்தான் சொல்லோணும்."